'விஜில்' என்பதற்குத் தமிழ் என்ன?

'விஜில்' (vigil) என்ற ஆங்கிலச் சொல் இலத்தீனின் 'விஜிலியா'விலிருந்து வந்தது. 'விஜிலியா' என்றால் விழித்திருத்தல், இரவுக்காவல். ரோமப் படையினர் இரவை நான்கு காவல்களாகப் பிரித்தனர். ஒன்று ஏறத்தாழ 3 மணி நேரம். பழைய தமிழ் வேதாகமத்தில் வரும் 'இரவின் நாலாம் ஜாமம்' இந்தக் கணக்குதான். பெருநாளுக்கு முந்தைய இரவில் உறங்காமல் மன்றாடும் திருச்சபை வழக்கத்துக்கும் பின்னர் இதுவே பெயரானது. ஈஸ்டருக்கு முந்தைய இரவைக் கோலாலம்பூர்க் கத்தோலிக்கர் 'பாஸ்கா திருவிழிப்பு' என்று சொல்வது அதைத்தான். சிவராத்திரிக்குக் கண்விழிக்கும் நமக்கு இது அந்நியமான வழக்கமே அல்ல.

இந்த வழக்கத்துக்கு அரசியல் பொருளும் ஆலயத்துக்குள்ளேயே சேர்ந்தது. 1862 டிசம்பர் 31 இரவு அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஆலயங்களில் விழித்திருந்து ஜெபித்தார்கள். விடிந்தால் லிங்கனின் அடிமை விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வரும். கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 1982 முதல் புனித நிக்கோலாஸ் ஆலயத்தில் திங்கள்தோறும் அமைதிக்கான வேண்டல் நடந்தது. 1989 அக்டோபர் 9 அன்று அது முடிந்து தெருவுக்கு வந்தவர்களோடு சேர்ந்து ஏறத்தாழ 70,000 பேர் நடந்தனர். பலர் கையில் மெழுகுவர்த்தி. ஒரு கை அதைப் பிடிக்க, மறுகை காற்றை மறைக்க. கல்லெடுக்கக் கை மிச்சமில்லை. காவல்படை சுடவில்லை. ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது.

2016 நவம்பரில் மலேசியாவில், நேர்மையான தேர்தல் கோரும் 'பெர்சே' இயக்கத்தின் தலைவர் மரியா சின் அப்துல்லா, பாதுகாப்புக் குற்றங்களுக்கான சொஸ்மா சட்டத்தின் கீழ் தடுத்து வைக்கப்பட்டபோது, கோலாலம்பூரின் டத்தாரான் மெர்டேக்கா சதுக்கத்தில் இரவுதோறும் மெழுகுவர்த்தி ஏந்தி மக்கள் கூடியதும் இவ்வகைதான்.

இதைத் தமிழில் எழுதும்போது இரண்டு பிழைகள் நேர்கின்றன. ஒன்று, 'விழிப்புணர்வுக் கூட்டம்'. அது தகவல் தெரிவிக்கும் கூட்டம். டெங்கிக்கும் நீரிழிவுக்கும் நடத்துவது. மற்றொன்று, 'மெழுகுவர்த்தி ஊர்வலம்'. விஜிலில் ஓரிடத்தில் இருப்பார்கள், நகர்ந்தால்தான் ஊர்வலம். ஆலயத்தில் நடந்தால் 'திருவிழிப்பு' அல்லது 'விழிப்பு ஜெபம்', சதுக்கத்தில் நடந்தால் 'விழிப்புக் கூடல்' என்பதே எங்கள் பரிந்துரை.

இந்த வேறுபாடு நம் மலேசியாவில் சட்டத்தையும் தொடுகிறது. 2012 அமைதிப் பேரணிச் சட்டப்படி சமயக் கூட்டத்துக்குக் காவல்துறையிடம் முன்னறிவிப்பு தர வேண்டியதில்லை. விழிப்புக் கூடல் போன்ற பொதுக்கூடல்களுக்கு 5 நாள் முன்னறிவிப்பு வேண்டும்; 2019 திருத்தத்துக்கு முன் அது 10 நாளாக இருந்தது. அதே சட்டம் வழிபாட்டுத் தலத்தையும் அதன் எல்லையிலிருந்து 50 மீட்டரையும் பேரணிக்குத் தடை செய்யப்பட்ட இடமாக்குகிறது. ஜெபமும் பாடலும் மட்டும் என்றால் அது வழிபாடு. முழக்கமும் கோரிக்கை உரையும் சேர்ந்த பிறகு அதைச் சமயக் கூட்டம் என்று வாதிடுவது கடினம். அதனால் அழைப்பிதழில் இரண்டையும் ஒரே பெயரில் எழுதாதீர்கள். ஜெபத்தை ஆலயத்திலும், கோரிக்கையை 50 மீட்டருக்கு அப்பால் வேறொரு திடலிலும் வையுங்கள்.