திரில்லர்: திகிலா, மர்மமா, விறுவிறுப்பா?

பழைய துப்பறியும் படங்களைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் இந்த ஒரு சொல்லில்தான் கை நின்றுவிடும். கோவை, ஈரோடு பக்கம் பேச்சில் எல்லோரும் ‘திரில்லர்’ என்கிறார்கள். அச்சில் அது ‘திகில் படம்’ ஆகிவிடுகிறது. இந்த மாற்றம் எனக்கு ஒப்பவில்லை.

‘திரில்’ என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் துளைத்தல் என்று பொருள். மூக்குத் துளையைக் குறிக்கும் ‘நாஸ்ட்ரில்’ என்ற சொல்லின் பின்பாதியும் அதே வேரிலிருந்து வந்ததுதான். உடலைத் துளைத்த ஈட்டி, பிற்காலத்தில் உள்ளத்தைத் துளைக்கும் சிலிர்ப்பாக மாறியது.

திகில் வேறு. அது வெறும் அச்சம். தாளவாடி மலையில் கன்னடம் பேசுவோர் ‘திகிலு’ என்றால் அச்சமே. எங்கள் பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர்கள் ‘திகுலு’ என்பதைக் கவலைக்குச் சொல்வார்கள். மூன்று மொழியிலும் மனம் சுருங்குவதைச் சொல்லும் சொல் அது. பேய்ப் படத்துக்குப் பொருந்தும், எல்லாவற்றுக்கும் பொருந்தாது.

மர்மம் என்ற வடசொல்லின் கதை இன்னும் அழகானது. அடிபட்டால் உயிர் போகும் இடம் என்பதே அதன் முதற்பொருள். மரணம் என்ற சொல்லுக்கும் அதே வேர். வர்ம வைத்தியத்தின் வர்மமும் அதன் உறவு. உடலுக்குள் மறைந்திருக்கும் உயிர்நிலை என்பதிலிருந்து, மறைந்திருக்கும் எதுவும் மர்மம் என்றானது. ஆங்கிலச் சொல் துளைப்பதைக் குறிக்க, வடசொல் துளைபடும் இடத்தைக் குறித்தது! ஆனாலும் யார் செய்தது, எப்படிச் செய்தது என்ற கேள்வி இருந்தால்தான் அது மர்மப் படம். பாடலே இல்லாமல் 1954இல் வந்த ‘அந்த நாள்’ அப்படிப்பட்டது. தொடக்கத்திலேயே துப்பாக்கி வெடிக்கிறது. கொன்றவர் யார் என்பதுதான் மீதிப் படம்.

திரில்லருக்கு என் தேர்வு ‘விறுவிறுப்பு’. இதை வேகம் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. மிளகாயின் காரம் நாக்கில் விறுவிறுக்கும். தேள் கொட்டினால் கடுப்பு விறுவிறுவென்று ஏறும். தோலுக்கடியில் ஓடும் அந்த உணர்ச்சிதான் ‘திரில்’. புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை, ‘விறுவிறுப்புப் படம்’ என்றே எழுதலாம்.

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950இல் எடுத்த ‘திகம்பர சாமியார்’ இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தது. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவல், கதாநாயகன் எம்.என். நம்பியார். வில்லனாகவே அவரை அறிந்தவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். வேடத்துக்கு வேடம் நடையையும் குரலையும் மாற்றிக்கொண்டு வருகிறார்; சிரிப்பும் படபடப்பும் ஒன்றாக வருகின்றன. நம் ஊரிலேயே உருவான இப்படத்தை இங்குள்ளவர்களே மறந்துவிட்டது எனக்கு வருத்தம்.

வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும் படம் எஸ். பாலசந்தரின் ‘பொம்மை’ (1964). பொம்மைக்குள் வெடிகுண்டு இருக்கிறது. வைத்தவர்கள் யார் என்பது நமக்கு முதலிலேயே தெரியும், ஆகவே மர்மம் இல்லை. பேயும் இல்லை. பொம்மை கைமாறிக்கொண்டே போகிறது, அவ்வளவுதான். ஒரு ஞாயிறு மாலை தூர்தர்ஷனில் இதைப் போட்டபோது எங்கள் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) கட்டிலை விட்டு எழுந்து நின்றுகொண்டே பார்த்தார். யார் கை அந்தப் பொம்மையைத் தொட்டாலும், பெட்டியைப் பார்த்து, “வேண்டாம் சாமி, கீழே வை” என்றார்.