இதயம் மாற்றியவருக்கு இருமல் வந்தால்

"காய்ச்சல் இல்லைங்க டாக்டர், லேசான இருமல்தான். பனடோல் போட்டுக்கிட்டேன்."

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் கிளினிக்குக்கு வந்த பெரியவர் சொன்னது. தோட்டத்தில் லோரி ஓட்டியவர். எட்டு மாதத்துக்கு முன் அவருக்கு இதய மாற்று அறுவை சிகிச்சை நடந்திருந்தது. கூட வந்த மனைவிதான் மெதுவாகச் சொன்னார்: "கோயில் வரைக்கும் நிக்காம நடப்பாரு. இந்த வாரம் ரெண்டு இடத்துல உட்கார்ந்துட்டாரு."

விரலில் ஆக்சிஜன் அளவு பார்த்தேன். 91 சதவீதம்தான், குறைவு. உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினேன்.

புதிய இதயத்தை உடல் எதிரியாக நினைத்துத் தாக்கிவிடக் கூடாது என்பதற்காக, டாக்ரோலிமஸ், பிரெட்னிசோலோன் போன்ற மாத்திரைகளால் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கிறோம். காய்ச்சல் என்பது உடல் போராடுவதன் அடையாளம். போராட்டமே அடங்கியிருக்கும்போது காய்ச்சல் எங்கிருந்து வரும்? நிமோனியா உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும், தெர்மாமீட்டர் 37 காட்டலாம். சில சமயம் எக்ஸ்ரேகூடத் தெளிவாக இருக்கும், சிடி ஸ்கேனில்தான் தெரியும். மூச்சு வாங்குவதற்குக் காரணம் கிருமியாக இல்லாமல், நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீராகவோ, உடல் இதயத்தை நிராகரிக்கத் தொடங்கியதாகவோகூட இருக்கலாம். எதுவானாலும் வீட்டில் காத்திருக்க நேரமில்லை.

பெரியவருக்கு வந்தது மெலியோய்டோசிஸ். நம் மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பாக்டீரியா அது. மழைக்காலத்தில் அதிகம் பார்க்கிறோம். மழை விட்டதும் வீட்டுக்குப் பின்னால் வெறுங்கையோடு வாழைக்கன்று நட்டிருக்கிறார். வழக்கமான பல ஆன்டிபயாட்டிக்குகள் இதற்கு வேலை செய்யாது. முதலில் வாரக்கணக்கில் ஊசி, அப்புறம் குறைந்தது 3 மாதம் மாத்திரை. மட்கும் செம்பனைக் குலைக் குவியலிலும் கோழிக்கூண்டிலும் கிளம்பும் பூஞ்சையும் இவர்களுக்கு ஆபத்து. எப்போதோ உடலில் ஒளிந்துகொண்ட காசநோயும் இந்தச் சமயத்தில்தான் தலைதூக்கும்.

மலேசியாவில் முதல் இதய மாற்று நடந்தது 1997-இல். இன்றும் இப்படிப்பட்டவர்கள் மிகச் சிலரே. அதனால் சிறுநகர டாக்டர்களுக்கு இது பழக்கமில்லை. எந்த கிளினிக்குக்குப் போனாலும் வாயைத் திறந்ததும் முதலில் "எனக்கு இதயம் மாற்றியிருக்கிறது" என்று சொல்லுங்கள், மருந்துப் பட்டியலைக் காட்டுங்கள். சாதாரண இருமலுக்கு என்று கொடுக்கும் கிளாரித்ரோமைசின், டாக்ரோலிமஸ் அளவை ரத்தத்தில் ஏற்றிச் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசினோ அதே அளவைச் சரித்துவிடும். மாற்று சிகிச்சைக் குழுவைக் கேட்காமல் எதையும் தொடங்கக் கூடாது.

பெரியவர் தேறிவிட்டார். வாழைக்குக் களை எடுப்பது இப்போது மகன் வேலை.