கூலண்ட் எப்போது குறைகிறது?

தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் கணவாய் இறக்கம். திரும்பி வரும்போது ஏற்றம். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் குறைந்துகொண்டே போகிறது என்று பட்டறைக்கு வரும் காரைப் பற்றி முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான்: குறைவது போகும்போதா, வரும்போதா? காருக்கு அடியில் குனிந்து தரையைப் பார்ப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

தரையில் சொட்டு இருந்தால் வேலை சுலபம். அந்தச் சொட்டே இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். தரை காய்ந்து கிடக்கிறது, ஆனாலும் வாரா வாரம் ஊற்ற வேண்டியிருக்கிறது என்ற வகைதான் ஆளை அலைக்கழிக்கும். இந்த வகையில் எங்கே போகிறது என்று தேடுவதைவிட எப்போது போகிறது என்று பார்ப்பது சீக்கிரம் விடை தரும். கூலண்ட் சுற்றும் பாதையில் அழுத்தம் எந்நேரமும் ஒரே அளவில் இருப்பதில்லை. சூட்டுக்கு ஏற்ப ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு கசிவும் தனக்குத் தோதான அழுத்தம் வரும்போதுதான் வாயைத் திறக்கும்.

அழுத்தம் எதற்கு? ரேடியேட்டர் மூடி குக்கரின் வெயிட் போல வேலை செய்கிறது. அதன் ஸ்பிரிங் பெரும்பாலான கார்களில் 1 பார் (ஏறக்குறைய காற்றுமண்டலத்தின் அழுத்தம்) அளவை ஒட்டிய அழுத்தத்தைப் பிடித்துவைக்கிறது. எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்த கூலண்ட், திறந்த பாத்திரத்தில் ஏறக்குறைய 107 டிகிரியில் கொதிக்கும். 1 பார் அழுத்தம் கூடினால் கொதிநிலை 130 டிகிரியை நெருங்கிவிடும். மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்தாலோ அந்த இருபது டிகிரி பாதுகாப்பு பறிபோகிறது. சூடான இன்ஜினில் மூடியைத் திறக்காதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான்: 110 டிகிரியில் அமைதியாக இருந்த திரவம், அழுத்தம் விலகிய நொடியே கொதித்து ஆவியாகி முகத்தில் பாயும்.

ரேடியேட்டர் மேலேயே மூடி உள்ள வண்டிகளில், அந்த மூடிக்குள் எதிர்த்திசையில் திறக்கும் சின்ன வால்வு ஒன்றும் உண்டு. சூட்டில் விரிந்து பக்கத்து டப்பாவுக்குப் போன கூலண்டை, இன்ஜின் ஆறியதும் திரும்ப உள்ளே இழுக்கவிடுவது அதுதான். அது அடைத்துக்கொண்டால் டப்பா நிறைந்திருக்கும், ரேடியேட்டர் வற்றியிருக்கும். டப்பாவை மட்டும் பார்ப்பவர் எல்லாம் சரியாக இருப்பதாக நம்பிக்கொண்டிருப்பார். சில நூறு ரூபாய் மூடியை மாற்றிப் பார்க்காமல் இன்ஜினைக் கழற்றச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

உண்மையிலேயே குறைகிறதா என்பதையும் உறுதி செய்ய வேண்டும். ஆறு லிட்டர் கொள்ளும் அமைப்பில், குளிர்ந்த நிலைக்கும் ஓடிச் சூடான நிலைக்கும் இடையே கிட்டத்தட்ட கால் லிட்டர் விரிவு சகஜம். மாலையில் ஒரு நாள், காலையில் ஒரு நாள் என்று பார்த்தால் கணக்கு குழம்பும். காலையில், இன்ஜினைக் கிளப்பும் முன், சமதரையில் பாருங்கள். டப்பாவில் பேனாவால் ஒரு கோடு போட்டுவைத்தால் இன்னும் நல்லது.

சூட்டில் மட்டும் கசியும் இடங்கள் தரையை நனைப்பதில்லை. சொட்டு விழும் முன்பே சூடான உலோகத்தில் தண்ணீர் ஆவியாகிவிடும். சாயமும் உப்பும் தங்கிவிடும். ஹோஸ் பொருந்தும் கழுத்தில், கிளாம்பின் ஓரத்தில், வாட்டர் பம்ப்புக்கு அடியிலுள்ள சிறு துளையில் டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளையாகவோ வெளிறிய பச்சை, இளஞ்சிவப்பு நிறத்திலோ பொருக்கு படிந்திருந்தால் அதுதான் இடம். பம்ப்பின் அந்தத் துளை, உள்ளே சீல் தேய்ந்தால் வெளியே தெரியட்டும் என்றே விட்டது. வேறு சில கசிவுகள் நேர்மாறானவை: மார்கழிக் குளிரில் ரப்பர் இறுகி கிளாம்ப் தளரும்போது கசிந்து, இன்ஜின் சூடேறியதும் தானாக அடைபடும். ஓசூர், தளி பக்கத்து விடியற்காலைகளில் பார்த்தால் அகப்படும். பகலில் பட்டறைக்குக் கொண்டுபோனால் அகப்படாது.

இதற்கெல்லாம் அழுத்தம் காட்டும் முள்ளோடு கூடிய காற்றுக் கைப்பம்ப் ஒன்று இருக்கிறது. மூடிக்குப் பதிலாக அதைப் பொருத்தி, மூடியில் எழுதியுள்ள அழுத்தம் வரை காற்றை ஏற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். முள் அசையாமல் நின்றால் நல்லது. மெல்ல இறங்கினால் எங்கோ ஓட்டை இருக்கிறது. முள் இறங்குகிறது, வெளியே ஈரமே இல்லை என்றால் சந்தேகம் இரண்டு இடங்கள்மேல் விழ வேண்டும். ஒன்று, டேஷ்போர்டுக்கு உள்ளே இருக்கும் ஹீட்டர்: கால்மிதி ஈரமாகும், கண்ணாடியில் எண்ணெய்ப்பசையோடு பனி படரும். மற்றொன்று இன்ஜினின் உட்பக்கம்.

உட்பக்கம் என்றால் பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட்: இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் இடையே வைக்கும் அடைப்புத் தகடு. தொப்பூர்க் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. பெட்ரோல் இன்ஜினில் முழுப் பளுவின்போது சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் அழுத்தம் 50 பாரைத் தாண்டும். டீசலில் 100 பாரைத் தாண்டும். கூலண்ட் பக்கம் இருப்பதோ ஒரு பார். கேஸ்கெட்டில் மயிரிழைப் பிளவு இருந்தாலும் ஏற்றத்தில் வாயு கூலண்டுக்குள் பீறிட்டு, இருக்கும் கூலண்டை மூடி வழியாக வெளியே தள்ளும். ஓடும் வேகத்தில் அது காற்றோடு போய்விடும். இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்திருப்பதால் அந்தத் தள்ளல் இல்லை. இன்ஜினை அணைத்த பிறகு நிலைமை தலைகீழ்: சிலிண்டரில் அழுத்தம் போய்விட்டது, கூலண்டிலோ இன்னும் இருக்கிறது. எனவே கூலண்ட் சிலிண்டருக்குள் ஊறுகிறது. மறுநாள் காலையில் இன்ஜின் உதறிக்கொண்டு கிளம்பி வெள்ளைப் புகை விடும். குளிர்நாளில் எல்லா வண்டியும் சற்று நேரம் வெண்புகை விடும், அதற்குப் பயப்பட வேண்டாம். இன்ஜின் சூடான பிறகும் தித்திப்பு வாடையோடு தொடர்ந்தால்தான் கவலை.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். இரவெல்லாம் ஆறிய வண்டியில் ரேடியேட்டரின் மேற்பக்க ஹோஸைக் காலையில் அழுத்திப் பாருங்கள். தளர்ந்திருக்க வேண்டும். விறைத்திருந்தால் உள்ளே வாயு சிக்கியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். உறுதிப்படுத்த, கூலண்ட் டேங்கின் வாயிலுள்ள காற்றை நீலத் திரவம் நிரம்பிய குழாய் வழியாக உறிஞ்சிப் பார்ப்பார்கள். எரிந்த வாயுவிலுள்ள கரியமில வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகிவிடும்.

டீசல் வண்டியில் இதெல்லாம் சரியாக இருந்து, கூலண்ட் மட்டும் மாயமானால் இ.ஜி.ஆர். கூலரை (இன்ஜினுக்குத் திருப்பி அனுப்பும் புகையைக் கூலண்டால் ஆற்றும் பாகம்) கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அதிலுள்ள விரிசல் வழியே போவது நேராகப் புகையோடு போய்விடும்.

நம் பக்கத்துக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு: குறைந்த கூலண்டுக்குப் பதிலாக ஊற்றும் போர் தண்ணீர். ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீருக்கு மாற்றாகத்தான் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஆனால் ரேடியேட்டரைக் கெடுப்பது அந்த ஃபுளோரைடு அல்ல, இந்தக் கடின நீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் உப்புகள். இன்ஜினில் எங்கே சூடு அதிகமோ அங்கே அவை படிந்து, வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கும். ஊற்ற ஊற்ற, கூலண்டிலுள்ள அரிப்புத் தடுப்பானும் நீர்த்துப் போகும். இன்ஜின் ஒருமுறை கொதித்தால், இரும்பைப் போல இரு மடங்கு விரியும் அலுமினிய ஹெட் வளைந்து, சின்னக் கசிவு கேஸ்கெட் செலவாக முடியும். ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போட்டு ஓட்டையை அடைப்பது பழைய லாரிக்காரர்களின் கைவைத்தியம். அடுத்த பட்டறை வரை ஓட அது போதும்; இன்றைய கார்களின் மெல்லிய ரேடியேட்டர் குழாய்களை அதே தூள் அடைத்துவிடவும் கூடும். காய்ச்சி வடித்த நீரில் கலந்த கூலண்டோ கலந்தே விற்கும் கூலண்டோ ஊற்றுங்கள். எத்திலீன் கிளைக்கால் தித்திப்பான நஞ்சு என்பதால், வடித்த பழைய கூலண்டை நாயோ குழந்தையோ எட்டும் இடத்தில் வைக்காதீர்கள்.

பழுது பார்த்த பிறகும் முதல் சில நாள் அளவு கொஞ்சம் இறங்கும். வளைவுகளில் தங்கிய காற்று வெளியேறி, அந்த இடத்தைக் கூலண்ட் நிரப்புவதால் அப்படி. பேனாக் கோடு வரை நிரப்பிவிட்டு ஒரு வாரம் பாருங்கள். அதற்குப் பின்னும் இறங்கினால் அதே கைப்பம்பை மறுபடி மாட்டச் சொல்லுங்கள்.