வேலிக்கு வெளியே நின்று பார்த்த கல்லறைத் தோட்டம்

லண்டன் பக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போன வருடம் போயிருந்தேன். அங்கே நான் பார்க்கக் கேட்ட ஒரே இடம் எப்சமில் உள்ள ஹார்ட்டன் கல்லறைத் தோட்டம். அந்த ஊரைச் சுற்றி ஒரு காலத்தில் 5 பெரிய மனநல மருத்துவமனைகள் இருந்தன. அவற்றில் இறந்த சுமார் 9,000 பேரை 1899 முதல் 1955 வரை இங்கேதான் புதைத்தார்கள். 1983-இல் அந்த நிலம் ஒரு தனியாருக்கு விற்கப்பட்டுவிட்டது.

சாலையோரமாக நடந்து பார்த்தோம். மரங்கள், முட்புதர். ஒரு கல்லறைக் கல்கூடக் கண்ணில் படவில்லை. “சித்தி, இங்கேயா 9,000 பேர் இருக்கிறார்கள்?” என்று அக்கா மகன் மெதுவாகக் கேட்டான். தனியார் நிலம் என்பதால் உள்ளே போகவில்லை. இப்படி அடைபட்ட இடங்களில் உறவினராகவே இருந்தாலும், உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி கேட்டுவிட்டுப் போவதுதான் சரி. வேலி தாண்டினால் புதைகுழிகள் மேலேயே மிதித்து நடப்போம்.

அந்த ஊர்த் தன்னார்வலர்கள் சிலர் பழைய பதிவேடுகளைத் தேடி, அங்கே கிடப்பவர்களின் வாழ்க்கையை ஒவ்வொருவராக எழுதி வருகிறார்கள். பிறந்த ஊர், செய்த வேலை, பெற்ற பிள்ளைகள் எல்லாம் அதில் வருகின்றன. எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. ஏனென்றால் பெங்களூரில் மனநல சமூகப் பணியாளராக நான் தினமும் தேடுவதும் இதைத்தான்.

அல்சூரிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் வந்தது. பாட்டியின் தங்கையை 1950-களில் மனநல மருத்துவமனையில் சேர்த்தார்களாம். அப்புறம் யாரும் போய்ப் பார்க்கவில்லை. பெயர் கேட்டேன். “சின்னம்மா” என்றார்கள். வீட்டில் அப்படித்தான் கூப்பிட்டார்களாம், உண்மைப் பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை. இப்படித் தேட வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன்: முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். ஞானஸ்நானச் சீட்டு, பழைய ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை, எதிலாவது அந்தப் பெயர் இருக்கும். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது எழுத்து எப்படியெல்லாமோ மாறும், அதனால் நாலைந்து விதமாக எழுதித் தேடுங்கள். தகப்பன் பெயர், கணவன் பெயர், சேர்த்த வருடம் தெரிந்தால் தேடுவது பாதி சுலபம். உறவைக் காட்டும் ஆவணமும் வேண்டும், நோயாளியின் விவரத்தை எவருக்கும் கொடுத்துவிட முடியாது.

இறந்தவர்களுக்கு இவ்வளவு பாடு. உயிரோடு இருப்பவர்களை இன்றும் தொலைக்கிறோம். குடும்பம் ஏற்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவர் மருத்துவமனையிலேயே கிடக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 19-ஆவது பிரிவில், சொல்கிறது. ஆனாலும் சேர்க்கும்போது பொய்யான விலாசம் கொடுத்துவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கிறேன். வெட்கமும் பயமும் எனக்குப் புரிகிறது. அதற்காக விலாசத்தை மாற்றாதீர்கள். வீடு மாறினால் ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள்.

இப்போது எங்களிடம் இருக்கும் ஓர் அம்மாவின் விலாசத்தில் கோலார் தங்கவயல் என்று இருக்கிறது. போட்ட கடிதம் திரும்பி வந்துவிட்டது. 2001-இல் சுரங்கம் மூடிய பிறகு அங்கிருந்து எத்தனையோ குடும்பங்கள் பிழைப்பு தேடிக் கிளம்பிவிட்டன. அவர் சொல்லும் அடையாளம் ஒன்றுதான்: வரிசையாகக் கட்டிய லைன் வீடு, எதிரே மாரியம்மன் கோயில், பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி. சனிக்கிழமை தங்கவயல் வழியாகப் போகும் மாரிக்குப்பம் ரயிலில் போய் விசாரிக்கப் போகிறேன்.