விண்டோஸ் திறக்கவில்லை என்றதும் ஃபார்மட் போடாதீர்கள்

இந்த வாரமும் ஒரு மாணவர் லேப்டாப்போடு வந்தார். பழகிப் பார்க்கலாம் என்று விண்டோஸோடு உபுண்டு என்ற லினக்ஸ் சிஸ்டத்தையும் போட்டு வைத்திருந்தவர், இனி பழையபடி விண்டோஸ் மட்டும் போதும் என்று லினக்ஸ் இருந்த பார்ட்டிஷனை (டிஸ்க்கில் பிரித்து வைத்த பகுதியை) அழித்திருக்கிறார். ரீஸ்டார்ட் செய்தால் கறுப்புத் திரையில் 'கிரப்' என்று ஒரு வரி மட்டும். விண்டோஸைக் காணோம். விஷயம் தெரிந்தவர் என்று நம்பி ஒருவரைக் கேட்க, "எல்லாம் போயிடுச்சு, புதுசா போட்டுடு" என்று பதில் வந்திருக்கிறது. மாணவரும் இருந்த பார்ட்டிஷன்களை எல்லாம் அழித்துப் புது விண்டோஸ் போட்டுவிட்டார். ஆய்வேட்டின் ஒரே பிரதி அந்த டிஸ்க்கில்தான் இருந்தது.

அழிந்த தரவை மீட்பதுதான் என் தொழில். இந்த ஒரு தப்பு மட்டும் ஓயவே மாட்டேன் என்கிறது. கம்ப்யூட்டர் பூட் ஆகவில்லை என்பது வேறு, ஃபைல்கள் அழிந்துவிட்டன என்பது வேறு. தயவுசெய்து இரண்டையும் ஒன்றாக நினைக்காதீர்கள்.

அந்தக் கறுப்புத் திரை வந்தபோது அவருடைய சி டிரைவ் முழுதாக இருந்தது. படங்கள், ஆய்வேடு, பாஸ்வேர்டுகள் எதற்கும் ஒன்றும் ஆகவில்லை. கிரப் என்பது எந்தச் சிஸ்டத்தைத் திறக்கட்டும் என்று தொடக்கத்தில் கேட்கும் சின்ன நிரல். அதன் முதல் பகுதி லினக்ஸ் பார்ட்டிஷனுக்கு வெளியே இருக்கும், மெனுவும் மற்றவையும் உள்ளே இருக்கும். உள்ளே இருந்ததை அழித்துவிட்டால் வெளியே இருப்பது அதைத் தேடிப் பார்த்து, கிடைக்காமல் நின்றுவிடுகிறது. இவ்வளவுதான் நடந்தது. இதற்காக மொத்த டிஸ்க்கையும் அழிப்பது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை.

யுஇஎஃப்ஐ என்ற புதிய முறையில் பூட் ஆகும் கணினியில் விண்டோஸின் சொந்த பூட் ஃபைல் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். கணினியை ஆன் செய்ததும் எஃப்2, டெலீட் போன்ற விசையை அழுத்தி (கம்பெனிக்குக் கம்பெனி மாறும்) பயாஸ் என்று சொல்லப்படும் தொடக்க அமைப்புத் திரைக்குள் போய், பூட் வரிசையில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்பதை முதலிடத்துக்குக் கொண்டுவந்தால் போதும். பழைய பயாஸ் முறை என்றால் கிரப்பின் தொடக்கத் துண்டு டிஸ்க்கின் முதல் செக்டரில், வெறும் 512 பைட்டுகளுக்குள், உட்கார்ந்திருக்கும். விண்டோஸ் இன்ஸ்டால் பென் டிரைவில் பூட் செய்து, ரிப்பேர் பகுதியின் கமாண்ட் பிராம்ப்டில் பூட்ரெக் கட்டளையை ஃபிக்ஸ்எம்பிஆர் என்ற தேர்வோடு கொடுத்தால் சரியாகிவிடும். பூட் ஃபைல்களே சிதைந்திருந்தாலும் பிசிடிபூட் என்ற கட்டளை அவற்றைத் திரும்ப எழுதித் தரும். எதிலும் ஃபார்மட்டுக்கு வேலையே இல்லை. அதே பென் டிரைவில் இன்ஸ்டால் என்ற பொத்தானும் இருக்கும், அதைத் தொடாதீர்கள்.

"ஃபார்மட் ஆனால் என்ன, ரெக்கவரி சாஃப்ட்வேர் இருக்கே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய ஹார்ட் டிஸ்க்கில் அது ஓரளவு உண்மை. குயிக் ஃபார்மட் செய்தால் எந்த ஃபைல் எங்கே என்ற பட்டியல்தான் போகும், மேலே வேறு எதுவும் எழுதப்படாத வரை தரவு அடியில் கிடக்கும். சிப்களில் சேமிக்கும் புதுவகை டிரைவான எஸ்எஸ்டியில் அப்படியில்லை. ஃபார்மட் ஆனதும் விண்டோஸ், டிரிம் என்ற கட்டளை மூலம் இந்த இடமெல்லாம் இனி தேவையில்லை என்று டிரைவுக்குச் சொல்லிவிடும். டிரைவும் அதைச் சுத்தம் செய்துவிடும். அதன்பின் படித்துப் பார்த்தால் பொதுவாக வெறும் பூஜ்யங்கள்தான். அந்த மாணவருடையது எஸ்எஸ்டி. மீட்க முடியாது என்று அவரிடம் சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

சரி, லினக்ஸை எடுத்துவிட்டு விண்டோஸுக்கே திரும்ப வேண்டும் என்றால், நான் சொல்லும் வரிசையிலேயே செய்யுங்கள். லினக்ஸில் இருக்கும் உங்கள் ஃபைல்களை வெளி டிரைவுக்கு எடுத்து வையுங்கள். அப்புறம் பூட் வரிசையை மாற்றி, மெனு எதுவும் குறுக்கே வராமல் விண்டோஸ் தானாகத் திறக்கிறதா என்று இரண்டு மூன்று முறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். பார்ட்டிஷனை அழிப்பது கடைசியில்தான். விண்டோஸுக்கு லினக்ஸின் ஃபைல் முறை புரியாது என்பதால் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அந்தப் பார்ட்டிஷன் நூறு சதவீதம் காலி என்று காட்டும். நம்பிவிடாதீர்கள். பக்கத்தில் 100 எம்பி அளவில் 'இஎஃப்ஐ சிஸ்டம்' என்று ஒன்று இருக்கும். சும்மா கிடக்கிறதே என்று அதையும் சேர்த்து அழிப்பவர்கள் உண்டு. விண்டோஸ் திறப்பதே அதன் வழியாகத்தான்.

பயாஸுக்குள் கை வைக்கும் முன்பு டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் ஓடுகிறதா என்று பாருங்கள். பல புது லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தபோதே டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருக்கும் (கீ இல்லாமல் படிக்க முடியாதபடி மாறியிருக்கும்), உரிமையாளருக்கே தெரியாது. பூட் அமைப்பு மாறினால் அது 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கலாம். பெரும்பாலும் அந்தக் கீ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண் இல்லாமல் திறந்து தரச் சொல்லி எங்களிடம் வந்து பயனில்லை. லெகசி, ஏஹெச்சிஐ, ரெய்டு என்று பயாஸில் இருக்கும் மற்ற அமைப்புகளை மாற்றிப் பார்க்காதீர்கள், நன்றாக இருக்கும் விண்டோஸும் திறக்காமல் போகும்.

விண்டோஸ் 11-இலிருந்து முந்தைய 10-க்குத் திரும்ப நினைப்பவர்களுக்கு: அந்த வசதி, மேம்படுத்திய நாளிலிருந்து சாதாரணமாக 10 நாள்தான். நடுவில் இடம் சேமிக்க 'விண்டோஸ்.ஓல்ட்' ஃபோல்டரை அழித்துவிட்டால் அதுவும் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

தெரியாமல் ஏற்கெனவே ஃபார்மட் செய்துவிட்டீர்களா? உடனே கணினியை அணைத்துவிடுங்கள். அதே டிஸ்க்கில் ரெக்கவரி சாஃப்ட்வேரை இறக்கி நீங்களே முயற்சி செய்ய வேண்டாம். மிச்சம் இருப்பதன் மேல்தான் அது எழுதப்படும். அணைத்த நிலையிலேயே எடுத்து வாருங்கள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லுங்கள், யார் செய்தது என்று நாங்கள் கேட்க மாட்டோம்.