அப்போப்டோசிஸ்: உதிர்கிற உயிரணுவுக்குத் தமிழில் என்ன பெயர்?

உடலின் உயிரணு (செல்) மரபணுக்கள் வகுத்த வழியில் தானே அமைதியாக மடிவதுதான் அப்போப்டோசிஸ். அதை ‘செல் தற்கொலை’ என்று எழுதியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் உறுத்துகிறது. மூலச்சொல்லில் தற்கொலையே இல்லை. கிரேக்கத்தில் ‘அப்போ’ என்றால் விலகி, ‘ப்டோசிஸ்’ என்றால் விழுதல். மரத்திலிருந்து இலை, பூவிலிருந்து இதழ் உதிர்வதைச் சொல்வது. 1972-இல் கெர், வைலி, கரி என்ற மூன்று ஆய்வாளர்கள், அபர்தீன் பல்கலைக்கழகக் கிரேக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கார்மாக் எடுத்துக்கொடுத்த இந்தச் சொல்லைத் தங்கள் கட்டுரையில் பயன்படுத்தினார்கள். நுண்ணோக்கியில் அவர்கள் கண்டதும் உதிர்வுதான்: உயிரணு சுருங்குகிறது, சின்னச் சின்ன உருண்டைகளாகப் பிரிகிறது, அக்கம்பக்கத்து உயிரணுக்கள் அவற்றை விழுங்கிவிடுகின்றன, உள்ளிருந்தது எதுவும் வெளியே சிந்துவதில்லை, அதனால் பெரும்பாலும் அழற்சியும் (இன்ஃப்ளமேஷன், அதாவது திசு சிவந்து வீங்குவது) இல்லை.

ஆனால் எல்லா உயிரணுவும் இப்படி அமைதியாகப் போவதில்லை. நெக்ரோப்டோசிஸ் (‘நெக்ரோஸ்’ என்றால் பிணம்), பைரோப்டோசிஸ் (‘பைர்’ என்றால் நெருப்பு) என்று வேறு சாவுகளும் உண்டு. இவற்றில் சவ்வு உடைந்து உள்ளிருப்பதெல்லாம் வெளியே கொட்டுகிறது, அதை ஆபத்து என்று எடுத்துக்கொண்டு நோயெதிர்ப்பு அணுக்கள் ஓடிவருகின்றன, அவை சுரக்கும், அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் (TNF) போன்ற புரதங்கள் இன்னும் பல உயிரணுக்களைச் சாகடிக்கலாம். அழற்சி நாள்பட்டுப் போவதற்கு இந்தச் சுழல் ஒரு முக்கியக் காரணம். எந்தச் சாவு என்பதில் மரபணுக்களுக்குப் பெரும் பங்கு. காஸ்பேஸ்-8 என்ற நொதி ஒழுங்காக வேலை செய்யும்வரை நெக்ரோப்டோசிஸ் அடங்கியிருக்கும். எலிகளின் குடல் உட்சுவரில் மட்டும் அதற்கான மரபணுவை நீக்கிப் பார்த்தபோது, மனிதருக்கு வரும் நாள்பட்ட குடல் நோயான கிரோன் நோய் போன்ற குடலழற்சி தானாகவே வந்தது. மனிதரிலும், உயிரணுச் சாவைக் கட்டுப்படுத்துவதில் பங்குள்ள ஆர்ஐபிகே1 (RIPK1) மரபணு முழுமையாகச் செயலிழந்து பிறக்கும் குழந்தைகளுக்குச் சிறுவயதிலேயே குடலழற்சியும் மூட்டழற்சியும் வருகின்றன.

சரி, தமிழுக்கு வருவோம். ‘திட்டமிட்ட உயிரணு இறப்பு’ என்று எழுதுவதுண்டு, ‘தன்மடிவு’ என்றும் எழுதுவதுண்டு. இரண்டிலும் எனக்கு ஒரே குறைதான்: நெக்ரோப்டோசிஸும் பைரோப்டோசிஸும்கூட மரபணுக்கள் வகுத்த வழியில், உயிரணு தானே மடிவதுதானே? அமைதியான சாவையும் அழற்சியைக் கிளப்பும் சாவையும் இந்தப் பெயர்கள் பிரித்துக்காட்டவில்லை, நாள்பட்ட அழற்சியைப் பொறுத்தவரை அந்த வேறுபாடுதான் எல்லாமே.

அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர் என்று போகும் பூவின் பருவங்களில் உதிர்ந்த பூவுக்கு ‘வீ’ என்று பெயர். ‘வீதல்’ என்றால் சாதல். உதிர்வும் சாவும் ஓரெழுத்தில் இருக்கிறது! அதனால் அப்போப்டோசிஸுக்கு ‘உயிரணு வீவு’ என்பதே என் தேர்வு. எளிமையாக வேண்டுமென்றால் ‘உயிரணு உதிர்வு’. பைரோப்டோசிஸை ‘அழல்வீவு’ எனலாம். அழல் என்றால் நெருப்பு, அழற்சி என்ற சொல்லே அதிலிருந்து வந்ததுதான், அதனால் எந்தச் சாவு அழற்சியை மூட்டுகிறது என்பது பெயரிலேயே தெரிந்துவிடும். நெக்ரோப்டோசிஸுக்கு ‘நசிவீவு’ என்று இப்போதைக்கு எழுதிவருகிறேன்.