இடுப்பு வளையத்தின் பூட்டு

தமிழில் ‘இடுப்பு’ என்ற சொல் மிகப் பரந்த இடத்தை ஆள்கிறது. சேலை செருகும் இடமும் இடுப்பு, குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளும் இடமும் இடுப்பு, தொடை உடலோடு சேரும் இடமும் இடுப்பு. முதுகின் அடிப்பகுதியையும் பலர் இடுப்பு என்றே சொல்கிறார்கள். ஆகவே ‘இடுப்பு வலிக்கிறது’ என்று ஒருவர் சொல்லும்போது, முதுகெலும்பின் வட்டுகளில் (டிஸ்க்) தான் கோளாறு என்று கருதிப் படமெடுப்பதும், படத்தில் பெரிதாக எதுவும் தென்படாமல் போவதும் அடிக்கடி நிகழ்கின்றன. வலிக்கும் இடத்தை ஒரே விரலால் தொட்டுக் காட்டச் சொன்னால் நிலைமை மாறும். பிட்டத்தின் மேற்பகுதியில், முதுகின் நடுக்கோட்டிலிருந்து சற்று விலகி, தோலில் சிறு குழி விழும் இடத்துக்கு ஒட்டிக் கீழே விரல் திரும்பத் திரும்பப் போய் நின்றால், அது இடுப்பு வளையத்தின் பின்மூட்டைச் சுட்டுகிறது. 1994-இல் ஃபோர்ட்டின் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும், வலியே இல்லாத தன்னார்வலர்களின் இந்த மூட்டுக்குள் ஊசிவழி திரவத்தைச் செலுத்தி, வலி எங்கே உணரப்படுகிறது என்று வரைந்து பார்த்தார்கள். ஏறத்தாழ 10 செ.மீ. நீளமும் 3 செ.மீ. அகலமும் கொண்ட அந்தப் பட்டையே அவர்களுக்குப் பொதுவாக அமைந்திருந்தது.

இடுப்பு வளையம் என்பது இரண்டு இடுப்பெலும்புகளும், அவற்றுக்கு இடையே பின்புறம் ஆப்புப்போல் இறங்கி நிற்கும் திருவெலும்பும் சேர்ந்தது. ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றாக ஒட்டி உருவான இந்த எலும்பின் பெயர், ‘புனித எலும்பு’ என்ற பொருளுடைய லத்தீன் பெயரின் வழி வந்தது. வளையத்தில் மூன்று மூட்டுகள் உண்டு. பின்னால் இடமும் வலமுமாக இரண்டு. அவற்றை மருத்துவர்கள் சாக்ரோஇலியாக் மூட்டு என்பார்கள், இங்கே பின்மூட்டு என்றே சொல்வோம். முன்னால், அடிவயிற்றுக்குக் கீழே, குருத்தெலும்புத் தட்டு ஒன்றால் இணைக்கப்பட்ட முன்மூட்டு. உடலின் மேற்பாதி எடை முழுவதும் திருவெலும்பில் இறங்கி, அங்கே இரண்டாகப் பிரிந்து கால்களுக்குப் போகிறது. நடக்கும்போது தரையிலிருந்து எழும் அதிர்ச்சி அதே வழியில் மேலே வருகிறது. வளையம் என்பதால் ஒரு மூட்டில் நேரும் கோளாறு மற்ற இரண்டையும் விட்டுவைப்பதில்லை. முன்புறம் வலிக்கும் பலருக்குப் பின்புறமும் வலிப்பதன் காரணம் இதுதான்.

இந்தப் பின்மூட்டின் மீதான மருத்துவக் கவனமே ஏறி இறங்கிய கதை. 1905-இல் பாஸ்டனின் கோல்த்வெய்ட், ஆஸ்குட் ஆகிய இருவரும் முதுகுவலிக்கு இதனையே ஒரு முக்கியக் காரணமாகக் காட்டினர். 1934-இல் மிக்ஸ்டரும் பாரும் முள்ளெலும்பு வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதை விளக்கிய பிறகு, எல்லோர் பார்வையும் வட்டுகளின் மேல் போய்விட்டது. பின்மூட்டு அசைவதே இல்லை என்றுகூட நெடுங்காலம் பலர் கருதினர்.

அது அசைகிறது, ஆனால் மிகமிகக் குறைவாக. சுவீடனில் ஸ்டூரெசனும் உடன் ஆய்வாளர்களும் நோயாளிகளின் எலும்புகளுக்குள் டாண்டலம் என்ற உலோகத்தின் நுண்மணிகளைப் பதித்து, வெவ்வேறு உடல்நிலைகளில் எக்ஸ்-கதிர்ப் படங்கள் எடுத்து அளந்தார்கள். 1989-இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, மூட்டின் சராசரிச் சுழற்சி ஏறத்தாழ 2.5 பாகை, நகர்வு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. வலியுள்ள மூட்டுக்கும் வலியில்லாத மூட்டுக்கும் அசைவின் அளவில் வேறுபாடு தென்படவில்லை என்பது அதைவிட முக்கியமான செய்தி. ‘இடுப்பெலும்பு இடம் விலகிவிட்டது, தட்டி உள்ளே தள்ளினேன்’ என்று சொல்லும் எவரும் இந்த அளவுகளைக் கருத்தில் கொள்வதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. எலும்பு நழுவவில்லை என்றால், மூட்டு தளர்ந்துவிட்டதாக நோயாளிகள் உணர்வதற்கு என்ன பொருள்?

மாட்டுவண்டிச் சக்கரத்தை நினைத்துப் பார்ப்போம். நடுவிலுள்ள குடத்தில் ஆரக்கால்கள் துளைக்குள் பொருந்தி நிற்கின்றன. அவற்றின் மறுமுனையில் வட்டைகள் வளைந்து சேர்கின்றன. இந்தப் பொருத்தம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், அதை மட்டும் நம்பி வண்டியை ஓட்ட முடியாது. சக்கரத்தைவிடச் சற்றே சிறிய இரும்புப் பட்டாவைப் பழுக்கக் காய்ச்சி, விரிந்த நிலையில் மாட்டி, நீர் ஊற்றிச் சுருங்கச் செய்யும்போதுதான் எல்லா மரத்துண்டுகளும் இறுகி ஒன்றாகின்றன. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் விளீமிங், ஸ்னைடர்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் 1990-ஆம் ஆண்டையொட்டி வெளியிட்ட கோட்பாடும் இதே இரு பகுதிகளைக் கொண்டது. முதலாவது வடிவப் பூட்டு: திருவெலும்பின் ஆப்பு வடிவம், மூட்டுப் பரப்பில் பருவ வயதுக்குப் பின் வளர்ந்து ஒன்றுக்கொன்று பொருந்தும் மேடுபள்ளங்கள். இந்த மேடுபள்ளங்கள் முன்பு மூட்டுத் தேய்வு என்று தவறாகக் கருதப்பட்டதும் உண்டு. உண்மையில் இவை உராய்வைக் கூட்டும் பற்கள். இரண்டாவது விசைப் பூட்டு: தசைகளும் தசைநார்களும் வளையத்தைச் சுற்றிலுமிருந்து அழுத்திப் பிடிக்கும் விசை. எடை ஏறும்போது திருவெலும்பு தலையசைப்பதுபோல் முன்னோக்கிச் சாய்கிறது. அதனால் பின்புறத் தசைநார்கள் விறைத்து மூட்டை இறுக்குகின்றன.

வண்டிப் பட்டா ஒருமுறை மாட்டினால் ஆண்டுக்கணக்கில் இறுகியே இருக்கும். உடலின் பட்டாவோ ஒவ்வோர் அசைவுக்கும் புதிதாக இறுக்கப்படுவது. வயிற்றைக் கச்சைபோல் சுற்றியுள்ள ஆழ்தசை, முதுகெலும்பை ஒட்டிய சிறுதசைகள், கீழே தொட்டில்போல் தாங்கும் இடுப்புத்தளத் தசைகள், பிட்டத்தின் பெருந்தசை ஆகியவை சேர்ந்து இதைச் செய்கின்றன. நலமாக உள்ளவர் நின்றபடி ஒரு காலைத் தூக்க நினைத்தால், கால் எழுவதற்கு முன்பே இவற்றுள் சில சுருங்கிவிடுகின்றன. ஆஸ்திரேலியாவின் ஹங்கர்ஃபோர்டும் உடன் ஆய்வாளர்களும் 2003-இல் பின்மூட்டு வலியுள்ளவர்களைச் சோதித்தபோது, வலியுள்ள பக்கத்தில் இந்த முன்கூட்டிய சுருக்கம் தாமதமாக வந்தது தெரிந்தது. தளர்வு என்று உணரப்படுவதில் பெரும்பங்கு இந்தக் காலத்தாமதத்துக்கு உரியது என்று கொள்ள இடமிருக்கிறது. ஓடாமல் நிற்கும் சக்கரத்தைப் படமெடுத்தால் பட்டா தளர்ந்திருப்பது தெரியாது; பாரம் ஏற்றி ஓட்டினால்தான் கிறீச்சிடும். ஸ்கேன் அறிக்கையில் ‘இயல்பு’ என்று எழுதியிருப்பதும், படிக்கட்டில் ஏறும்போது உயிர் போவதுபோல் வலிப்பதும் ஒரே உடலில் ஒரே நாளில் உண்மையாக இருப்பது இப்படித்தான்.

கோளாறு பெரும்பாலும் எங்கே தொடங்குகிறது? கருவுற்ற பெண்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு இடுப்பு வளைய வலி இருப்பதாக 2008-இல் வெளியான ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டி மதிப்பிட்டது. பெரும்பாலோருக்குப் பேற்றுக்குப் பின் சில மாதங்களில் அது தணிகிறது. சிறுபான்மையினருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. 1926-இல் ஃபிரடெரிக் ஹிஸா, கருவுற்ற விலங்கின் இரத்த ஊனீரை (சீரம்) கருவுறாத கினிப் பன்றிகளுக்குச் செலுத்தியபோது அவற்றின் இடுப்புத் தசைநார்கள் நெகிழ்ந்ததைக் கண்டார். ரிலாக்சின் என்ற ஹார்மோன் அப்படித்தான் அறியப்பட்டது. மனிதப் பெண்களிலும் முன்மூட்டின் இடைவெளி வழக்கமான 4 முதல் 5 மி.மீ. அளவிலிருந்து கருக்காலத்தில் 2 அல்லது 3 மி.மீ. கூடுகிறது. ஆனால் இரத்தத்தில் ரிலாக்சின் மிகுந்தவர்களுக்கு வலியும் மிகும் என்ற எளிய கணக்கு ஆய்வுகளில் சீராக நிற்கவில்லை. நார்வேயிலும் சுவீடனிலும் இந்த வலிக்கு வழங்கும் பேச்சுவழக்குப் பெயர்களுக்கே ‘இடுப்பு கழன்றது’, ‘மூட்டு நெகிழ்ந்தது’ என்ற பொருள்தான். பெயர் கருத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டது. விபத்து, பிட்டத்தில் அடிபட விழுதல், எலெர்ஸ்-டான்லோஸ் போன்ற பிறவி நெகிழ்வு நோய்கள் ஆகியவை ஆண்களுக்கும் இந்நிலையை உண்டாக்கலாம்.

நரம்பு வலிக்கு வருவோம். இங்கே மூன்று வேறுபட்ட செய்திகள் ஒரே பெயருக்குள் கலந்து கிடக்கின்றன. பின்மூட்டிலிருந்தே எழும் வலி பிட்டத்திலும் தொடையின் பின்புறத்திலும் உணரப்படலாம். இதில் எந்த நரம்பும் நசுங்கவில்லை, மூட்டின் செய்தியை மூளை வேறிடத்தில் படிக்கிறது, அவ்வளவே. இரண்டாவது வகையில் நரம்பே உரசப்படுகிறது. உடலிலேயே தடிமனான நரம்பாகிய சியாட்டிக் நரம்பின் வேர்களுள் ஒரு கற்றை பின்மூட்டின் முன்பக்கத்தை ஒட்டியே இறங்குகிறது; பிறகு அந்நரம்பு பிட்டத்தின் ஆழத்திலுள்ள பிரிஃபார்மிஸ் தசையின் கீழாக வெளியேறுகிறது. தளர்ந்த வளையத்தை எப்படியாவது பிடித்து நிறுத்த முயலும் அந்தத் தசை இறுகி இறுகி நரம்பையும் தொந்தரவு செய்யக்கூடும்.

மூன்றாம் செய்திக்குப் போகுமுன் புடெண்டல் நரம்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். திருவெலும்பின் இரண்டாம், மூன்றாம், நான்காம் துளைகளிலிருந்து புறப்படும் வேர்கள் சேர்ந்து உருவாகும் இது, திருவெலும்பை உட்காரும் எலும்போடு கட்டும் இரண்டு தசைநார்களுக்கு நடுவே நுழைந்து, பின் ஆல்காக் கால்வாய் எனப்படும் ஒடுங்கிய வழியில் சென்று, பிறப்புறுப்புக்கும் மலவாய்ப் பகுதிக்கும் உணர்வு தருகிறது. எந்தத் தசைநார்கள் வளையத்தைப் பூட்டுகின்றனவோ அவற்றின் இடுக்கிலேயே இந்த நரம்பும் ஓடுகிறது. உட்கார்ந்தால் எரிச்சலும் குத்தலும் கூடும், எழுந்து நின்றால் குறையும், நடுவில் திறப்புள்ள கழிப்பறை இருக்கையில் அமர்ந்தால் அவ்வளவாக வலிக்காது, உறக்கத்திலிருந்து எழுப்பாது. இவற்றுள் பெரும்பாலானவை பிரான்சின் நாந்த் நகரின் பெயரால் 2008-இல் வெளியான கண்டறிதல் விதிகளில் இடம்பெற்றுள்ளன. இதன் பெயருக்கு மூலமான லத்தீன் வினைச்சொல்லின் பொருள் ‘வெட்கப்படு’ என்பது. வெட்கத்தையே பெயராகக் கொண்ட நரம்பின் வலியை நோயாளிகள் வாய்விட்டுச் சொல்லத் தயங்குவதில் வியப்பில்லை. உட்கார முடியவில்லை என்பதை மட்டும் சொல்லி, எங்கே எரிகிறது என்பதை விழுங்கிவிடுகிறார்கள்.

மூன்றாவது, நரம்பு மண்டலமே மாறிப்போவது. 1983-இல் கிளிஃபோர்ட் வூல்ஃப் எலிகளில் செய்த ஆய்வின் மூலம், காயத்திலிருந்து தொடர்ந்து வரும் குறிகைகள் தண்டுவடத்தின் நரம்பணுக்களையே மிகையாகக் கிளரச் செய்கின்றன என்று காட்டினார். வலிக்குறிகை ஓயாமல் வந்துகொண்டிருந்தால், அந்த அணுக்களின் மேலுள்ள ஒருவகை வாயிலை அடைத்திருக்கும் மக்னீசியம் அயனி விலகி, கால்சியம் உள்ளே பாய்கிறது. அதன் விளைவாக அடுத்த குறிகைக்கு அணு இன்னும் எளிதாகக் கிளர்கிறது. அரிசி நிறுத்த தராசை எடுத்துவிட்டுப் பொன் நிறுக்கும் தராசை வைத்ததுபோல, முன்பு முள்ளை அசைக்காத எடை இப்போது தட்டையே சாய்த்துவிடுகிறது. உடையின் விளிம்பு படுவதும் எரிவது இதனால்தான். மூட்டு ஓரளவு தேறிய பிறகும் வலி நிற்பதற்கு இதுவே விளக்கம். அமிட்ரிப்டிலின், பிரிகாபலின் போன்ற மருந்துகள் வழக்கமான வலிமாத்திரைகளிலிருந்து வேறுபட்டு, இந்தக் கிளர்ச்சியைத் தணிக்கவே தரப்படுகின்றன.

இந்த வலியோடு வாழ்பவர்களுக்கு மிகப் பயனுள்ள சோதனை ஒன்று நெதர்லாந்தின் மென்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் வகுத்தது. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்காமல், ஒரு காலை 20 செ.மீ. உயரம் தூக்க வேண்டும். எவ்வளவு கடினம் என்பதற்குச் சுழியம் முதல் 5 வரை மதிப்பெண் இடுகிறார்கள். பிறகு வேறொருவர் இடுப்பின் இரு பக்கங்களையும் கையால் அழுத்திப் பிடிக்க, மீண்டும் தூக்க வேண்டும். கல்லாய்க் கனத்த கால் இப்போது இலேசாக எழுந்தால், குறைபாடு விசைப் பூட்டில் உள்ளது என்பது கண்ணெதிரே தெரிகிறது. இடுப்புப் பட்டையின் வேலையும் அந்தக் கைகளின் வேலைதான். 50 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 5 கிலோ எடைக்கு நிகரான இழுவிசையே போதுமென்று ராட்டர்டாம் ஆய்வு காட்டியது. அதற்குமேல் இறுக்குவதால் பயன் கூடவில்லை. பட்டையை வயிற்றைச் சுற்றிக் கட்டினால் வீண். தொடையெலும்பின் பக்கப் புடைப்புகளுக்குச் சற்று மேலே அது அமைய வேண்டும்.

அழுத்திப் பிடித்தால் கால் இன்னும் கனப்பவர்களும் உண்டு. அவர்களுடைய தசைகள் ஏற்கெனவே ஓயாமல் இறுகிக் கிடக்கின்றன. அந்த இறுக்கமே வலியைத் தருகிறது. ‘உங்கள் மூட்டு கழன்றிருக்கிறது’ என்ற சொல்லைக் கேட்டுப் பயந்து, மூச்சைப் பிடித்து, பிட்டத்தை இறுக்கி நடக்கப் பழகியவர்களிடம் இது நேரலாம். இவர்களுக்கு இடுப்புத்தளத்தைச் சுருக்கும் பயிற்சி கேடு செய்யும். தளர்த்தப் பழகுவதே மருத்துவம். நேர்மாறான இரு நிலைகளுக்கு ஒரே பெயர் வழங்குவதால்தான், ஒருவருக்கு உதவிய பயிற்சியை மற்றவர் செய்து படுக்கையில் விழுகிறார்.

விசைப் பூட்டு குறைந்த முதல் வகையினருக்கு நார்வேயின் பிரிட் ஸ்டூகே 2004-இல் வெளியிட்ட ஆய்வு நம்பத்தகுந்த வழியைக் காட்டியது. பேற்றுக்குப் பின் வலி நீடித்த 81 பெண்கள் அதில் பங்கேற்றனர். ஆழ்தசைகளைக் குறிவைத்து ஒவ்வொருவருக்கும் ஏற்றபடி அமைத்த 20 வாரப் பயிற்சி பெற்றவர்களுக்கு, அந்தப் பயிற்சியில்லாத சிகிச்சை பெற்றவர்களைவிட வலி குறைந்தது. ஈராண்டுக்குப் பின்னும் அந்தப் பயன் நின்றது. திருகாணிகளால் பின்மூட்டை எலும்போடு எலும்பாக ஒட்டவைக்கும் அறுவைச் சிகிச்சையும் உண்டு. வேறெதுவும் உதவாத சிலருக்கே அது பொருந்தும்.

அன்றாட வாழ்வில் வளையத்தைச் சோதிப்பது பெரிய சுமைகளைவிட ஒருபக்கச் சுமைகள்தான். ஒற்றைக் காலில் நின்று காற்சட்டை அணிவது, ஒரே இடுப்பில் குழந்தையைத் தாங்குவது, ஆட்டோவிலிருந்து ஒரு காலை மட்டும் வெளியே நீட்டி இறங்குவது, படுக்கையில் தோளை முதலில் திருப்பி இடுப்பைப் பின்னால் இழுப்பது ஆகியவற்றில் ஒரு பின்மூட்டு மட்டும் திருகப்படுகிறது. உட்கார்ந்து உடுத்துவதும், இரு முழங்கால்களையும் சேர்த்து வைத்துத் திரும்புவதும் சிறிய மாற்றங்கள். ஆனால் ஒரு நாளில் நூறு முறை நிகழும் திருகலை அவை தவிர்க்கின்றன. வலி பெரும்பாலும் மறுநாள் வருவதால், எது காரணம் என்று கண்டுபிடிப்பதும் கடினம். நன்றாக இருக்கும் நாளில் வீட்டைக் கழுவித் துடைத்துவிட்டு மூன்று நாள் படுத்துக் கிடப்பதைவிட, எந்த நாளிலும் ஏறத்தாழ அதே அளவு நடப்பது நரம்பு மண்டலத்துக்கும் ஏற்றது. தொடைகளின் இடைப்பகுதி திடீரென்று மரத்துப்போனாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் நில்லாமல் போனாலோ, அது தண்டுவடத்தின் கீழ்முனை நரம்புக்கற்றை நசுங்குவதன் அடையாளமாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முன்னேற்றத்தை அளப்பதற்கு மறுபடியும் ஸ்கேன் எடுப்பதில் பெரும்பாலும் பொருளில்லை; அன்றும் இயல்பு, இன்றும் இயல்பு என்றே அது சொல்லும். மாதம் ஒருமுறை பாயில் படுத்து, அதே 20 செ.மீ. உயரத்துக்கு வலக்காலையும் இடக்காலையும் தூக்கி, இரண்டின் மதிப்பெண்ணையும் நாட்காட்டியின் ஓரத்தில் குறித்துவைத்தால், நான்கு என்றிருந்தது மூன்றாகக் குறைவதும், மூன்று சில மாதங்கள் அசையாமல் நின்று பிறகு இரண்டாகக் குறைவதும் அதில் தெரியும்.